சாந்தாமணி கண்ணில் பூட்டிய படங்கள்

சினிமா பார்ப்பதற்காக ஒருவன் விளையாட்டுப் பெட்டி வாங்குவானா? வாங்க மாட்டான். இந்த ஒரு வரியைச் சொல்வதற்கு எனக்கு மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வண்ண வண்ணமாகக் கோடு இழுத்து, வட்டம் போட்டு, அதே வரியை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியின் பெயர் தும்பி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடுகிற அளவு. பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாகவே விற்றது. அதோடு விட்டிருக்கலாம். கடல் தாண்டி இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்தை ஆசை விடவில்லை. பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டு செய்து, அதில் சினிமாவை அடைத்து, இது தும்பியில் மட்டும்தான் ஓடும் என்று அறிவித்தார்கள். அவர்கள் வைத்த பெயர் நம் வாயில் நுழையவில்லை. கடைக்காரர்கள் வில்லை என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

படத் தயாரிப்பாளர்கள் இதற்குச் சம்மதித்ததே ஒரு பூட்டுக்காகத்தான். ஒரு வில்லையை முதல் முறை ஓட்டும்போது, தும்பியின் நெற்றியில் இருக்கும் சின்னக் கேமரா பார்ப்பவரின் கண்ணை உள்வரை படம் பிடித்து அந்த வில்லையிலேயே பதித்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் கண் எதிரே இருந்தால்தான் படம் நகரும். இரவல் கொடுக்க முடியாது, அரை விலைக்குத் தள்ளிவிட முடியாது, திருடினாலும் பிரயோஜனமில்லை. தயாரிப்பாளர்கள் பூரித்துப் போனார்கள். வாங்குகிறவனுக்கு இதில் என்ன லாபம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. விளையாடுகிற பிள்ளைக்கு சினிமா வேண்டாம். சினிமா பார்க்கிற அப்பாவுக்கு செல்போன் இருக்கிறது. வில்லைகள் கடைக் கண்ணாடிக்குள் தூசி படிந்து கிடந்தன.

குமாரபாளையத்தில் மட்டும் கதை வேறாக இருந்தது.

"பிருந்தா, இங்க வா. இதைப் பாரு" என்றார் ரெக்ஸ் அருமைநாயகம். என் மேலாளர், பாளையங்கோட்டைக்காரர். தரமணி அலுவலகத்தில் எங்கள் பிரிவில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான். "குமாரபாளையத்துல ஒரே ஒரு கண்ணு. முந்நூத்துச் சொச்சம் வில்லை. தெனமும் ஏதாவது ஒண்ணு ஓடுது. வில்லை ஜெயிக்கும்னு சொல்லுததுக்கு இந்த ஒரு கண்ணு போதும் பாத்துக்க."

எங்களுக்கு வரும் தகவலில் பெயர் இருக்காது, எந்தப் பெட்டி என்பதும் இருக்காது. எந்தக் கண், எந்த ஊர், எத்தனை வில்லை, அவ்வளவுதான். நான் இன்னும் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன்.

"சார், இந்தக் கண் ரெண்டு வருஷமா ஒரு புது வில்லைகூடத் திறக்கல. பழசையே திரும்பத் திரும்பப் பார்க்குது."

"நல்லதுதான? பழசையே பாக்கவன்தான் நெசமான ரசிகன். தலைமை ஆபீஸ்ல அந்த ஆளைப் படம் புடிச்சு எல்லா நாட்டுலயும் காட்டணுங்காங்க. அடுத்த வருஷம் தொழிற்சாலையை ரெண்டு மடங்கா ஆக்கப் போறாங்களாம். நீ போய்ப் பேசிட்டு வா."

ஒரு மனுஷிக்கோ மனுஷனுக்கோ முந்நூறு படம் எதற்கு? எனக்கு அதுதான் மண்டையைக் குடைந்தது. மாதிரிக்கு ஒரு தும்பியைப் பையில் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்கு ரயில் ஏறினேன்.

குமாரபாளையம் விசைத்தறி ஊர். பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தால் நான்கு பேரும் கத்தித்தான் பேசுகிறார்கள். அந்தப் பகுதிக்கு வில்லை விற்பவர் ஒரே ஒருவர், ஸ்டூடியோ வைத்திருக்கும் குழந்தைவேல். என் நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. கேட்காமலே டீ வரவழைத்தார். முந்நூறு வில்லைகளை ஓட்டும் அந்தக் கண் யாருடையது என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணுங்களா மேடம்? அது நம்ம சாந்தாமணியக்காளுதுங்க" என்றார் மேசையைப் பார்த்துக்கொண்டு. "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது சந்து. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அப்பறம் எல்லாத்தையும் சொல்றனுங்க."

சாந்தாமணியின் வீடு ஒற்றை அறை. தறிக்கான தார்க்குச்சியில் நூல் சுற்றும் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுபதை ஒட்டிய வயது இருக்கும். நூல் அறுந்தபோது கண்ணால் தேடாமல் விரலால் தடவி எடுத்து முடிச்சுப் போட்டார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் பாயை உதறி விரித்தார்.

"ஒக்காருங்க அம்மிணி. நான் ஒத்தையாளுங்க. எங்கூட்டுக்காரர் போய் ரெண்டு வருசமாச்சு. என்ன சாப்புடறீங்க?"

"ஒண்ணும் வேண்டாம்மா. உங்க வில்லையெல்லாம் எங்க வெச்சிருக்கீங்கன்னு பார்க்கலாமா?"

"எங்கிட்ட ஏதுங்க? ஒண்ணுகூட இல்லீங்க."

"பெட்டி?"

"அதும் இல்லீங்க."

உலகத்திலேயே அதிகம் வில்லை பார்க்கிறவர் வீட்டில் வில்லையும் இல்லை, பெட்டியும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது எனக்கு. அடுத்து என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அக்கோவ், சும்மா இருக்கறீங்களா? ஒறம்பற வந்திருக்குது. பெரியவ கண்ணாலத்தப் பாக்கோணுங்கறாங்க."

சாந்தாமணி உடனே எழுந்துவிட்டார். முகம் கழுவி, தலை வாரி, கொடியில் இருந்த நல்ல சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். "நீங்களும் வாங்க அம்மிணி" என்று என் கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் சாந்தாமணியை உட்கார வைத்து, கையில் தும்பியைக் கொடுத்தார்கள். அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்ததும் படம் ஓடத் தொடங்கியது. சினிமா அல்ல, அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம். எல்லோரும் அவருக்கு இரண்டு பக்கமும் முண்டியடித்து, தோளுக்கு மேலாகவும் கைக்கு அடியிலும் தலையை நீட்டிச் சாய்வாகப் பார்த்தார்கள். அவர் சற்றுத் திரும்பினால் படம் நின்றது. "ஆத்தா, இக்கட்டால திரும்பாதீங்க, நேராப் பாருங்க" என்று பிள்ளைகள் அதட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே நேரே பார்த்தார்.

மாப்பிள்ளை மாலையைத் தவறவிட்ட இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் சிரித்தார், ஆனால் ஒரு நொடி கழித்து. கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பதைக் கேட்டுச் சிரிக்கிறார். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். இரண்டு கண்ணின் கருமணியிலும் பால் படர்ந்திருந்தது.

படம் முடிந்ததும் இலை போட்டு, ஒப்பிட்டு என்று அவர்கள் சொல்லும் போளியை வைத்தார்கள். எனக்கும் கிடைத்தது.

சாயங்காலம் குழந்தைவேல் கடையை ஒருக்களித்துவிட்டு உட்கார்ந்தார். கேட்பதற்கு முன்பே கொட்டித் தீர்த்தார்.

"கண்ணாலப் படத்தையும் வில்லையில போட்டுத் தரலாம்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? சினிமா வில்லை ஒண்ணுகூட இங்க விக்கலீங்க. ஆனா கண்ணாலத்துக்குன்னா எவ்வளவு வேணாலும் செலவு பண்ணுவாங்க. நான் பொட்டியும் வில்லையும் சேத்துக் குடுத்தனுங்க. தாம்பாளத்துல வெச்சு வாங்கிட்டுப் போனாங்க."

எங்கள் தலைமை அலுவலகம் கோடிக்கணக்கில் கொட்டியும் கண்டுபிடிக்காததை இவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அடுத்தவன் படத்துக்காக எவனும் தனியாக ஒரு பெட்டி வாங்குவதில்லை. தன் படம் என்றால் வாங்குகிறான்.

"அதுல சாந்தாமணியம்மா கண் எப்படி வந்தது?"

"அக்காளுக்குக் கைராசிங்க. அவங்க நூல் பூட்டிக் குடுத்த தறி நின்னதில்ல. அவங்க போணி பண்ணுன கடை படுத்ததில்ல. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அவங்கதான் மொதல்ல தொடோணும். வில்லை வந்தப்பவும் அக்காளத்தான் கூப்புட்டாங்க. பொட்டியப் போட்டதும் 'கண்ணைக் காட்டுங்கள்'னு வருமில்லீங்களா? நான் என்னமோ சாமிக்குக் கண்ணு தெறக்கற மாதிரின்னு நெனச்சுட்டனுங்க. நல்ல மனுசி, நல்ல பார்வை, அவங்களே மொதல்ல பாக்கட்டும்னு காட்டிக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"வெவரம் தெரியறதுக்குள்ள பாதி ஊரு முடிஞ்சுபோச்சுங்க. அப்பறம் தெரிஞ்சும் சனங்க கேக்கல. 'பரவால்ல, அக்கா பக்கத்துலதான இருக்கறாங்க, கூப்புட்டா வந்துட்டுப் போறாங்க, ராசிதான் முக்கியம்'னுட்டாங்க."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு வில்லைக்கு ஓர் ஆள் என்று எண்ணித்தான் எங்கள் பொறியாளர்கள் பூட்டுச் செய்திருந்தார்கள். ஓர் ஊரே சேர்ந்து ஒரு பெண்மணியின் கையில் சாவியைக் கொடுக்கும் என்று அவர்கள் எப்படி நினைத்திருக்க முடியும்? குழந்தைவேல் சிரிக்கவில்லை.

"அக்காளுக்குக் கண்ணுல புரை மேடம். போன வருசமே கேம்ப்புல பாத்து, ஆபரேசன் பண்ணியே ஆகோணும்னாங்க. முத்திப்போனா கண்ணே போயிருமாம். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே போறாங்க. ஆபரேசன் பண்ணுனா இந்த வில்லையெல்லாம் ஓடுமுங்களா?"

என் சிரிப்பு அடங்கிவிட்டது. கடைக்கு வெளியே வந்து ரெக்ஸுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆபரேஷன் செய்தால் வில்லை ஓடுமா என்று கேட்டேன்.

"ஓடாது பிருந்தா. நம்ம பெட்டி கண்ணுக்குள்ள இருக்க லென்ஸையும் சேத்துல்லா படம் எடுக்கு. ஆபரேஷன்ல அதையே எடுத்துட்டு வேற வெப்பாங்க. புரை கொஞ்சங் கொஞ்சமா வளருதுல்ல, அதை ஏத்துக்கும். ஒரேயடியா மாறிப்போச்சுன்னா வேற ஆளுன்னு சொல்லிரும்."

"பூட்டை நாம திறந்துவிட முடியாதா சார்?"

"முடியும். எல்லாத் தும்பிக்கும் ஒரு உத்தரவு அனுப்பினாப் போதும், எந்தக் கண்ணுன்னு கேக்காம ஓட்டிரும். ஆனா வில்லை விக்க வரைக்கும் அப்படிச் செய்ய மாட்டோம்னு தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் குடுத்திருக்கு. வில்லையையே நிறுத்திட்டா, அப்போ தொறந்துவிட்டே ஆகணும். அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு."

"அப்படின்னா இங்க ரசிகரும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு உள்ளதை எழுதறேன் சார். அவங்க நம்பிட்டு இருக்கறது இந்த ஒரு கண்ணைத்தானே? இது போனா நிறுத்திடுவாங்க."

"நிறுத்திருவாங்க. நமக்கும் வேலை போயிரும். எனக்கு அம்பத்திரெண்டு வயசு, இனிமே எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான்?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "சரி. ஒரு ஆளு கண்ணை வெச்சு நாம பொழைக்க வேண்டாம். எழுது. ஆனா அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது."

மறுநாள் காலையில் சாந்தாமணி வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். என் வேலையைத் தூக்கிப் போட்டு ஒருவர் பார்வையைக் காப்பாற்றப் போகிறேன் என்ற பெருமை எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் ராட்டையை நிறுத்தினார்.

"பூட்டத் தெறந்துட்டா, அவங்கவங்க ஊட்டுல அவங்கவங்களே போட்டுப் பாத்துக்கலாமுங்களா?"

"ஆமாம்மா. யார் வேணா பார்க்கலாம்."

"நான் போக வேண்டியதில்ல."

"வேண்டியதே இல்ல. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

சாந்தாமணி சேலை முந்தானையை இழுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"எழுத வேண்டாமுங்க அம்மிணி."

நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். "ஏம்மா? ஊர்க்காரங்களுக்காக நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டது போதாதா?"

"ஊருக்காகன்னு யாருங்க சொன்னது?" என்றார். "எங்கூட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த ஊர்ல என்னெக் கூப்புடாத கண்ணாலம் இல்லீங்க. முகூர்த்தக்கால் நடறதுக்கு நானு, சீர்த்தட்டு எடுக்கறதுக்கு நானு. அவரு காரியம் முடிஞ்சுது, அன்னையோட அத்தனையும் நின்னுபோச்சுங்க. நல்ல காரியத்துக்குப் போறவங்க நான் எதுக்க வந்தா சித்தெ நின்னு, நான் தாண்டிப் போனப்பறம் போவாங்க. புதுசா ஒரு வில்லையக் கொண்டாந்து குடுக்கல. அவங்க கெட்டவங்க இல்லீங்க. இது ஆவாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க."

இரண்டு வருடமாக அந்தக் கண் ஏன் ஒரு புது வில்லைகூடத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. சென்னையில் அதற்கு நான் ஒரு வரைபடம் போட்டு, 'நிறைவடைந்த வாடிக்கையாளர்' என்று தலைப்பும் கொடுத்திருந்தேன்.

"ஆனா பழைய கண்ணாலத்தப் பாக்கோணுமின்னா?" அவர் முகத்தில் லேசாகக் குறும்பு தெரிந்தது. "என்னெக் கூப்புட்டுத்தான ஆகோணும்? கூப்புட்டு, நடுவால நாற்காலி போட்டு உக்கார வெக்கறாங்க. தாலி கட்டறத நான் பாத்தாத்தான் அவங்க பாக்க முடியும். சனங்களுக்கு நான் ஒரே நாள்ல வேற ஆளாயிட்டனுங்க. அந்தப் பொட்டிக்கு நான் அதே ஆளுதானுங்களே."

என் பெருமை எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பொறுமையிழந்து, "கண் போயிடும்மா. போயிட்டா அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்களே" என்றேன்.

"போற வரைக்கும் கூப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.

எழுதினால் இவருடைய மரியாதை போகும். எழுதாவிட்டால் கண் போகும். அதோடு, இந்த ஒரு கண்ணைக் காட்டி எங்கள் நிறுவனம் ஊர் ஊராக இதே பூட்டை விற்கும். சம்மதம் இல்லாமல் எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், மனசு வரவில்லை. அப்போதுதான் கோகிலவாணி வந்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். எதிர் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டதும் தயங்கினாள். "சென்னையிலிருந்து வந்தவங்க, நம்ம அம்மிணிதான், வா சாமி" என்று சாந்தாமணி கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தாள். உள்ளங்கையில் ஒரு வில்லை இருந்தது.

"அத்தே, அம்மா சந்தைக்குப் போயிருக்குது. பொட்டிய பீரோவுல வெச்சுப் பூட்டிட்டுப் போயிருச்சு. வில்லைய மட்டும் எடுத்தாந்தேன்."

"இவ கண்ணாலந்தானுங்க நான் கடைசியாத் தொட்டுக் குடுத்த வில்லை" என்று சாந்தாமணி என்னிடம் சொன்னார். "மாப்பிள்ள போன வருசம் வண்டியில அடிபட்டுப் போய்ட்டாருங்க. பாத்தா அழுவான்னு இவ அம்மா என்னெக் கூப்புடறதே இல்ல."

என் பையில் தும்பி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சாந்தாமணி அதை முகத்துக்கு நேரே பிடித்தார். கோகிலவாணி அவர் தோளில் கன்னத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தாள்.

"எனக்கு அழுகோணும்னு இல்லீங்க அத்தே" என்றாள். "ஒண்ணே ஒண்ணு தெரியோணும். தாலி கட்டறப்ப அவங்க சிரிச்சாங்களான்னு. நான் அன்னைக்கு நிமுந்தே பாக்கல. அப்பறம் எல்லாரும் சேந்து பாத்தப்பவும் வெக்கத்துல பாக்கல. எப்ப வேணாப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

படம் ஓடியது. சீர் வந்தது, மாலை மாற்றினார்கள், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தான். தட்டில் தாலி வைத்து எல்லோரிடமும் காட்டி ஆசி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். படம் நின்றது.

சாந்தாமணியின் கண் நிறைந்துவிட்டது. கண்ணீர் திரையிட்டால் பெட்டிக்கு அந்தக் கண் தெரியாது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி நேரே பார்த்தார். தாலியை எடுத்தான், நின்றது. மறுபடி துடைத்தார். மறுபடி நின்றது.

"அத்தே, அழுகாதீங்க. ஒரே ஒரு நிமிசம்."

"இல்ல சாமி, அழுகல." சொல்லும்போதே தாரை தாரையாக வழிந்தது. படத்தில் மாப்பிள்ளை தாலியைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தைத் தாண்ட அவரால் முடியவில்லை. கடைசியில் கோகிலவாணிதான் பெட்டியை மெல்ல வாங்கி, வில்லையை எடுத்துக்கொண்டாள். "பரவால்லீங்க அத்தே, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

அவள் படி இறங்கும் சத்தம் நின்ற பிறகும் சாந்தாமணி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இத்தன நாளா நம்ம கண்ணு ஊருக்கு ஒதவுதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். "அந்தப் புள்ளைக்கு அவ புருசனக் காட்ட முடியல. எழுதிருங்க அம்மிணி."

எழுதினேன். குமாரபாளையத்தில் எங்களுக்கு ஒரு ரசிகர்கூட இல்லை, இருப்பது ஒரு கைராசிக்காரர்தான் என்று எழுதினேன். கைராசி என்றால் என்னவென்று தலைமை அலுவலகம் திரும்பத் திரும்பக் கேட்டது. நானும் ரெக்ஸும் மாற்றி மாற்றி விளக்கியும் அவர்களுக்குப் புரியவில்லை. வில்லை விற்கவில்லை என்பது மட்டும் புரிந்தது. சில மாதங்களில் கடையைக் கட்டினார்கள். எல்லாத் தும்பிகளுக்கும் உத்தரவு போனது. ரெக்ஸ் ஊருக்குப் போய்த் தம்பியோடு பேக்கரியில் உட்கார்ந்தார். எனக்கு வேறு வேலை கிடைக்கக் கொஞ்சம் நாளானது. அந்த இடைவெளியில் குமாரபாளையம் போனேன். வேறு எதற்கும் இல்லை, அங்கே என்ன ஆயிற்று என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

சாந்தாமணி வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். "நீங்க இத்தன செவப்புன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று சிரித்தார். இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன. பேருந்தின் பெயர்ப் பலகையைத் தானே படிக்கிறாராம். நூல் அறுந்தால் கண்ணாலேயே பிடித்துவிடுகிறாராம்.

"கூப்பிடறாங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லீங்க." அவர் சொன்ன விதத்தில் குறை சொல்லும் தொனி இல்லை. "அவங்கவங்க ஊட்டுல அவங்கவங்களே பாத்துக்கறாங்க. சிரிக்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். முந்தி மங்கலாத் தெரிஞ்சப்ப ரோட்டுல யாரு நிக்கறாங்க, யாரு மூஞ்சியத் திருப்பறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. இப்ப அதும் நல்லாத் தெரியுது."

அவரே எழுந்துபோய்க் காபி போட்டார். ஒரு மிடறு குடித்திருப்பேன், கோகிலவாணி வந்தாள். இந்த முறை அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கையில் வீட்டுத் தும்பியே இருந்தது. அவள் அம்மா எதிர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

"நீ இன்னும் பார்க்கலையா?" என்றேன் ஆச்சரியத்தோடு. பூட்டைத் திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"பொட்டிய எடுத்து எடுத்து வெச்சுருவனுங்க. தனியாப் பாக்க வரல. அம்மா கூட உக்காந்தா அதுதான் அழுகும்." அவள் சாந்தாமணி பக்கம் திரும்பினாள். "அத்தே, கூட வந்து ஒக்காருங்க."

சாந்தாமணி அவளைப் பார்த்தார். "இப்பத்தான் நான் வேண்டியதில்லையே சாமி. யாரு பாத்தாலும் ஓடுமே."

"தெரியுமுங்க" என்றாள் அவள். "இருந்தாலும் வாங்க."

பழக்கத்தில் பெட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். சாந்தாமணி அதை வாங்கி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, அவள் முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்தார். தான் எழுந்து பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தார். இத்தனை பேர் இத்தனை நாள் தலையை நீட்டிக்கொண்டிருந்த இடம் அது.

படம் ஓடியது. நான் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் வேகம் பிடித்தது, கெட்டிமேளம் கொட்டியது, நிற்காமல் கொட்டி முடிந்தது.

"சிரிக்கவே இல்லீங்க அத்தே" என்றாள் கோகிலவாணி. "முடிச்சுப் போடத் தெரியாம முழிக்கறாங்க. அவங்க அக்காளப் பாத்து, எப்படின்னு கண்ணாலயே கேக்கறாங்க." சொல்லிக்கொண்டே இருந்தவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் பெட்டியை மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

சாந்தாமணி படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண் சிரிப்பதைத்தான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா போடு சாமி" என்றார்.